குன்னூரில் தம்பதியர் ஆலோசனைக்குப் போய் வந்த அனுபவம்

கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி, குன்னூரில் இருக்கும் ஒரு ஆலோசனை மையத்துக்கு நானும் வீட்டுக்காரரும் நான்கு வாரம் போய் வந்தோம். பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கிவிட்டது என்று நான் மனசு விட்டுப் பேச ஆரம்பித்தால், அவர் உடனே "வேற ஃபேக்டரிக்குக் கொடுத்துடலாம், விடு" என்று முடித்துவிடுவார், நான் அழுதுகொண்டே அடுப்படிக்குப் போய்விடுவேன், எங்கள் சண்டை எல்லாம் இப்படித்தான்.

பெண்கள் பெரும்பாலும் நெருக்கத்துக்காகப் பேசுகிறார்கள், ஆண்கள் தகவல் சொல்வதற்காகப் பேசுகிறார்கள் என்று டெபோரா டேனன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1990-லேயே எழுதியதை அங்கே ஆலோசனை சொன்ன அம்மா விளக்கினார். அதைக் கேட்டபோது இவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அதோடு விடாமல், 2005-ல் ஜேனட் ஹைட் என்ற உளவியலாளர் 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் ஆய்வுகளை)ப் பார்த்து, ஆண் பெண் வேறுபாடுகளில் பெரும்பாலானவை சின்னவைதான் என்று காட்டியதையும் சொன்னார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது, 'ஆம்பளைன்னா இப்படித்தான்' என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

இப்போது இவர் "கேட்கணுமா, யோசனை சொல்லணுமா?" என்று முதலிலேயே கேட்கிறார்.

குறை என்றால் காத்திருக்கும் அறைதான், சரியான குளிர். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போங்கள். அப்புறம், கணவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள்.