தொங்கிப்போன இறவாணம்: முட்டுக்கால் கொடுப்பதா, கைமரத்தோடு கட்டை சேர்ப்பதா?

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்து மாட்டுக் கொட்டகைக்கு மண்சுவர், பனங்கைமரம் (ஓட்டைத் தாங்கும் சாய்வான பனைமரச் சட்டம்), சீமை ஓடு. தெற்கு இறவாணம், அதாவது கூரையின் வெளி விளிம்பு, சுவரைத் தாண்டி இரண்டரை அடி நீண்டிருக்கும். போன வருடம் மாசியில் நடுவிலிருந்த நான்கு கைமரங்களின் நுனி நாலு விரற்கடை இறங்கிக் கிடந்தது. உடைந்த ஓட்டின் வழியாக மழை ஒழுகி, சுவர்மேல் உட்காரும் இடத்திலேயே மரம் மக்கியிருந்தது.

இறவாணத்தை வெட்டிக் குறைத்துவிடலாம் என்றார் ஒருவர். மண்சுவருக்கு அது ஆகாது. சாரல் அடித்து அடிச்சுவர் கரைந்துவிடும். மிச்சம் இரண்டு வழி: கீழிருந்து முட்டுக்கால் கொடுப்பது, இல்லையென்றால் மக்கிய கைமரத்தின் பக்கத்திலேயே வேறொரு கட்டையை ஒட்டி முடுக்குவது.

முட்டுக்கால் அரை நாள் வேலை. நுனிக்குக் கீழே குறுக்கே ஒரு பைப், அதைத் தாங்க இரண்டு கால். ஓட்டைக்கூடப் பிரிக்க வேண்டாம், செலவும் குறைவு. சாமான் வைக்கிற கொட்டகை என்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மாட்டுக் கொட்டகையில் பிரச்சினை காலின் அடியில்தான். இறவாணத் தண்ணீர் சொட்டுவது சரியாக அந்தக் கால் நிற்கும் கோட்டில். கோமியமும் சாணி கழுவிய தண்ணீரும் அங்கேதான் வந்து தேங்கும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, மண்ணை ஒட்டிய அந்த நாலு அங்குலத்தில்தான் இரும்பு துருவேறி இற்றுப்போகும். வருடாவருடம் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். மரக்கால் என்றால் அதே இடத்தில் கரையான். போதாததற்கு மாடு கழுத்தை உரசி உரசி அதை ஆட்டிவிடும். மழையில் மண் இளகிக் கால் புதைந்தால், தூக்கி நிறுத்திய இறவாணம் அதோடு சேர்ந்து மறுபடி இறங்கும். அந்தக் காலத்தில் தூணுக்கு அடியில் கல் வைத்தது இதற்காகத்தான். இன்றைக்கும் கால் கொடுப்பதானால், குழி எடுத்து கான்கிரீட் போட்டு, தரைக்கு ஓர் அடி மேலே எழுப்பி, அதன்மேல் நிறுத்துங்கள். இன்னொன்று, முட்டு கீழே இறங்காமல் தாங்குமே தவிர, மேலே எழும்பாமல் பிடிக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று இறவாணத்தை அடியிலிருந்து தூக்கும். கைமரத்தைப் பைப்போடு கிளாம்ப் போட்டு இறுக்கியே ஆக வேண்டும்.

நான் கட்டை சேர்த்தேன். பழைய மரக்கடையில் எட்டடி தேக்குக் கட்டை நான்கு வாங்கினோம். எட்டடிக்குக் காரணம் இருக்கிறது. வெளியே இரண்டரை அடி என்றால் உள்ளே அதைப்போல் இரண்டு மடங்காவது போக வேண்டும். இல்லையென்றால் நுனியில் பாரம் ஏறும்போது கிணற்று ஏற்றமரம் போல உள்முனை எழும்பும். பாரம் கொஞ்சநஞ்சமில்லை: ஓர் ஓடு இரண்டு, இரண்டரை கிலோ, சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு, நனைந்தால் இன்னும் கூடும்.

முதலில் அந்தப் பகுதி ஓட்டைப் பிரித்தோம். அப்புறம் ஜாக்கி வைத்து ஒரே மூச்சில் ஏற்றாமல், இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். அவசரப்பட்டால் பழைய மரம் விரிந்துவிடும். பனங்கையின் பக்கம் சமமாக இருக்காது. செதுக்கினால்தான் கட்டை ஒட்டி உட்காரும். ஆசாரி ஆணியை எடுத்தார், நான் போல்ட் கேட்டேன். பனை நார்போக்கில் பிளக்கும். அரை அங்குல போல்ட்டுக்குத் துளை போட்டு, பெரிய வாஷரோடு, மேலொன்று கீழொன்றாக முடுக்கினோம். கரையான் மருந்து பூசிய பிறகுதான் ஓடு ஏறியது. முட்டுக்காலைவிட இரண்டு மடங்குக்கு மேல் செலவு, நான்கு நாள் வேலை. ஆனால் தரையில் எதுவும் நிற்கவில்லை, சாணி வழிக்கத் தடையில்லை, பெயின்ட் வேலையும் கிடையாது.

பத்து வருடம் தாங்குமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஒரு தென்மேற்கும் ஒரு வடகிழக்கும்தான் பார்த்திருக்கிறது. கூரையையே இரும்புச் சட்டத்துக்கு மாற்றுவதை நான் பக்கத்துத் தோட்டத்தில் பார்த்ததோடு சரி. பாதிக்கு மேல் கைமரங்கள் மக்கியிருந்தாலோ, இறவாணம் நாலடிக்கு மேல் நீண்டிருந்தாலோ கட்டையை மட்டும் நம்ப வேண்டாம், கல் வைத்துக் கால் கொடுங்கள்.

இந்த வைகாசியில் நுனிக்கு நுனி நூல் பிடித்துப் பார்த்தேன், சேர்த்த நான்கும் அசையவில்லை. கிழக்கு மூலையில் இன்னொரு கைமரம் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. அதற்கும் கட்டை வாங்கி வைத்தாயிற்று.