சூப்பர்சானிக் காற்றில் ஜன்னல் பூச்சுச் சோதனை: மேற்குப் பக்க ஆய்வகம் ஒன்றின் சேவை எப்படி?

சிங்கப்பூரில் இப்படியொரு சோதனைக்கு இடம் தேடுகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள். கேமரா போன்ற கருவிகளுக்கு முன்னால் காப்பாக வைக்கும் சபையர் (கடினமான, ஒளி புகும் படிகம்) ஜன்னல்களில் ஒளி எதிரொளிப்பைக் குறைக்க நாங்கள் போட்ட பூச்சு தாங்குமா என்று தீவின் மேற்கே உள்ள ஓர் ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கத்தில் (காற்றை வேகமாகப் பாய்ச்சிச் சோதிக்கும் குழாய்) மாக் 3, அதாவது ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். தாராளமாகப் போகலாம், ஆனால் அறிக்கையில் கறாராக இருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது காற்றை அவர்கள் உலர்த்துகிற விதம். தொட்டியில் அழுத்தி வைத்த காற்று மாக் 3க்குப் பாயும்போது விரிந்து ஏறத்தாழ மைனஸ் 165 டிகிரி வரை குளிர்ந்துவிடும், அதில் துளி ஈரம் இருந்தாலும் பனித்துகளாகி ஓட்டத்தையே கெடுத்துவிடும். நம் ஊர் ஈரப்பதம் தெரியும்தானே? நாங்கள் போன அன்று மதியம் கொட்டோ கொட்டென்று மழை. காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் பனிநிலை மீட்டர் இறங்கும்வரை வால்வைத் திறக்கவே மாட்டேன் என்று அங்கே இருந்த அண்ணன் சொல்லிவிட்டார். காத்திருந்தோம், அதுதான் சரி.

இன்னொன்றையும் அவரே முன்கூட்டிச் சொன்னார்: "தம்பி, இது உராய்வையும் அழுத்தத்தையும்தான் காட்டும், சூட்டைக் காட்டாது." உண்மைதான். உயரத்தில் மைனஸ் 56 டிகிரி காற்றில் மாக் 3இல் பறந்தால் முன்முகத்தில் காற்று 330 டிகிரியைத் தாண்டும். பூச்சும் சபையரும் வெவ்வேறு அளவில் விரியும், உரிவதற்கு அது போதும். அதை அடுப்பில் வைத்துத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். பணம் வாங்குகிற இடத்தில் இதை யார் சொல்வார்கள்!

சுரங்கம் தொடங்கும்போதும் நிற்கும்போதும் அதிர்வலை (காற்றழுத்தம் திடீரென எகிறும் அலை) நாம் வைத்த ஜன்னலைக் கடக்கும், பெரிய அடி அப்போதுதான் விழும். அந்த நொடிகளின் அழுத்தப் பதிவையும் கேட்காமலே கொடுத்தார்கள்.

குறை என்றால் படங்கள். ஓட்டத்துக்கு முன் ஒரு விளக்கில், பின் வேறொரு விளக்கில் எடுத்திருக்கிறார்கள், ஓரத்தில் தெரிந்த குழி பழசா புதுசா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ஊடுருவும் ஒளியின் அளவையும் டேப் ஒட்டி இழுக்கும் சோதனையையும் நாங்களே பிறகு செய்தோம், பூச்சு உரியவில்லை. ஆனால் குழாய்த் துருவோ தூசியோ பட்டு அந்தக் குழி வந்ததா என்பதற்கு அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. இவ்வளவு வாங்கிக்கொண்டு இதை விடலாமா?

மறுபடியும் அங்கேதான் போகிறோம். அடுத்தது துத்தநாக சல்ஃபைடு ஜன்னல்கள், சபையரைவிட ரொம்ப மென்மையானவை. அதனால் எவ்வளவு நுண்ணிய வடிகட்டி போட்டிருக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வந்தபிறகுதான் முன்பதிவு.