வெளியே கொடுத்து எக்ஸ்ஆர்டி எடுக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் படியுங்கள்

இளநிலை ப்ராஜெக்டுக்கு எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, பொடியில் என்ன படிகம் இருக்கிறது என்று பார்க்கும் சோதனை), எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம்) போன்றவற்றை வெளியில் கொடுத்து எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களை ஏமாற்றியவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வேலையைச் செய்பவர்கள் அவர்கள் மட்டும் இல்லை, எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

எங்கள் ப்ராஜெக்ட் பலரும் செய்வதுதான். இலைச்சாற்றை சில்வர் நைட்ரேட் கரைசலில் கலந்து வெள்ளி நானோ துகள் தயாரிப்பது. கரைசல் பழுப்பானது, துறையில் இருந்த யுவி கருவியில் (எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டுவது) வெள்ளி நானோ துகளுக்கு வருவதுபோல 430 நானோமீட்டர் பக்கம் பீக், அதாவது கிராஃபில் ஒரு முகடு, வந்தது. எக்ஸ்ஆர்டி கருவிதான் எங்களிடம் இல்லை. வெளியே எடுத்துத் தருபவர்களிடம் கேட்டோம். "சாம்பிளை அனுப்புங்க தம்பி, கிராஃப், துகள் அளவு, விளக்கம் எல்லாம் நாங்களே எழுதித் தந்துடறோம்" என்றார்கள். முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

எங்கள் கைடு கறார் பேர்வழி. வெள்ளியே சேர்க்காமல், இலைச்சாற்றை மட்டும் காயவைத்த பொடியையும் ஒரு குப்பியில் போட்டு, எது எது என்று சொல்லாமல் அ, ஆ என்று மட்டும் எழுதி அனுப்பச் சொன்னார்.

ரிப்போர்ட் வழவழ தாளில் வந்தது. இரண்டு குப்பிக்கும் 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரியில் பீக். வெள்ளிக்கு வர வேண்டியவைதான், சரி. வெள்ளி இல்லாத பொடிக்கு எப்படி வரும்? இரண்டு கிராஃபையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தோம். அடியில் ஓடும் இரைச்சல் கோட்டின் (அளக்கும்போது தாறுமாறாக வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம்) நெளிவுகூட இம்மி பிசகாமல் பொருந்தியது. ஒரே பொடியை இரண்டு முறை அளந்தாலே இரைச்சல் அப்படிப் பொருந்தாது.

துகள் அளவு 20 நானோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். பீக்கின் அகலத்தை வைத்துத் துகள் அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டின்படி, துகள் சிறிதானால் பீக் அகலமாகும். 20 நானோமீட்டருக்கு, கருவிகளில் வழக்கமாகப் பயன்படும் தாமிர எக்ஸ் கதிரில் 38 டிகிரி பீக்கின் அரை உயர அகலம் சுமார் 0.4 டிகிரி இருக்க வேண்டும். இவர்கள் கிராஃபில் பீக் ஊசி மாதிரி நின்றது.

ரா டேட்டா, அதாவது கருவி பதிவு செய்த மூல எண்களைக் கேட்டோம். 2 தீட்டா (கோணம்) ஒரு பத்தி, இன்டென்சிட்டி (கதிரின் செறிவு) ஒரு பத்தி, அவ்வளவுதான் அந்தக் கோப்பு. "அதெல்லாம் கருவியிலேயே இருக்கும், வெளியே தர மாட்டோம்" என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை. பணம் போனது போனதுதான்.

இதற்கு நடுவில் "ஜர்னல்ல போட்டுத் தரட்டுமா, ஐஎஸ்எஸ்என் இருக்கு" என்று வேறு கேட்டார்கள். ஐஎஸ்எஸ்என் என்பது தொடர் வெளியீட்டுக்குத் தரும் அடையாள எண், அவ்வளவுதான். கட்டுரையை யாராவது படித்துப் பார்த்தார்கள் என்பதற்கு அது சான்று ஆகாது.

ஆகவே ரா டேட்டா தருவார்களா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். கருவியின் பெயர், ஸ்கேன் வேகம், அளந்த தேதி மூன்றும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். விளக்கத்தையும் எழுதித் தருகிறேன் என்பவரிடம் போகவே போகாதீர்கள். முடிந்தால் ஒரு வெற்று சாம்பிளையும் சேர்த்து அனுப்புங்கள். கூடுதல் செலவுதான், ஆனால் எங்கள் விஷயத்தில் குட்டு உடைந்ததே அதனால்தான்.

பிறகு கைடுக்குத் தெரிந்த ஓர் ஆய்வகத்தில் அதே பொடிகளை அளந்தோம். வெள்ளி சேர்த்த பொடியில் வெள்ளியின் பீக்குகளோடு 27.8, 32.2, 46.2 டிகிரியிலும் வந்தது. சில்வர் குளோரைடு! இலைச்சாற்றில் இருந்த குளோரைடாக இருக்கலாம் என்கிறார் கைடு. இப்போது அதைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.