அப்பெண்ட் லூப்பா, ஒற்றை வரி லிஸ்ட்டா?

ஏற்காட்டில் மாமாவின் காபித் தோட்டத்துக்கு, பழம் பறிக்கிற சீசனில் கூலிக்கணக்கு போடும் நிரலை பைதான் என்ற கணினி மொழியில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். முதலில் ஃபார் லூப்: ஒவ்வொரு ஆளாக எடுத்து, கணக்குப் போட்டு, 'அப்பெண்ட்' மூலம் லிஸ்ட்டின் கடைசியில் சேர்ப்பது. போன சீசனில் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனுக்கு, அதாவது முழு லிஸ்ட்டையும் ஒற்றை வரியில் உருவாக்கும் முறைக்கு, மாற்றினேன். இரண்டோடும் குப்பை கொட்டியாயிற்று.

நீளம் பற்றிப் பேச அதிகம் இல்லை. காலி லிஸ்ட், ஃபார், இஃப், கூலிப் பெருக்கல், அப்பெண்ட் என்று ஐந்து வரி பிடித்தது இப்படி அடங்கிவிடுகிறது:

[(பெயர், கிலோ * ரேட்) ஃபார் பெயர், கிலோ இன் வரவு இஃப் கிலோ > 0]

வேகமும் கொஞ்சம் கூடும் என்பார்கள். சில ஆயிரம் வரிகள் மட்டுமே ஓடும் என் கணக்கில் அது கண்ணில் படவே இல்லை. லட்சக்கணக்கில் ஓட்டுபவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. சீசன் முடிந்தால் மறு சீசன் வரை இந்த நிரலைத் திறக்கவே மாட்டேன். ஒருமுறை சேலத்திலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில், 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ திருத்தினேன். (புத்திசாலி செய்கிற வேலை இல்லை.) பைதானில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை வரியின் முன்னால் விடும் இடைவெளிதான் சொல்லும். அப்பெண்ட் வரி நான்கு இடம் இடப்பக்கம் நகர்ந்து, இஃப்புக்கு வெளியே வந்துவிட்டது. பைதான் மூச்சே விடவில்லை. சனிக்கிழமை மாமா கூப்பிட்டார்: "ஏன் சாமி, வேலைக்கே வராதவங்களுக்கும் கூலி விழுந்திருக்கு?" வராத ஆளுக்கு, பட்டியலில் அவருக்கு முந்தைய ஆளின் கூலி. 'கூலி' என்ற மாறியில் பழைய எண் அப்படியே தங்கியிருந்திருக்கிறது.

மேலே உள்ள ஒற்றை வரியில் இந்தத் தப்புக்கு வழியே இல்லை. நிபந்தனை அதே சதுர அடைப்புக்குள் இருக்கிறது. நகர இடம் கிடையாது. முந்தைய சுற்றின் கூலி தங்க ஒரு மாறியும் இல்லை. பைதான் 3-ல் உள்ளே வரும் 'கிலோ'கூட வெளியே கசியாது. அடுத்த சீசனில் திறந்து பார்த்தாலும் எதை எடுக்கிறோம், எதிலிருந்து, எப்போது என்பது ஒரே மூச்சில் புரிகிறது.

லூப் ஜெயிக்கிற இடமும் உண்டு. கணக்குப்பிள்ளை 12.5 கிலோவை '12,5' என்று அடித்துவிட்டால், எழுத்தை எண்ணாக மாற்றும் ஃப்ளோட் முரண்டு பிடிக்கும். லூப்பில் பிழையைப் பிடித்துச் சமாளிக்கும் ட்ரை, எக்செப்ட் போடலாம், காம்ப்ரிஹென்ஷனுக்குள் போட முடியாது; ஒரு வரி கெட்டால் பட்டியலே கிடைக்காது. அதனால் எடையைச் சரிபார்க்கத் தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதி, வரவை முதலில் அதன் வழியாக அனுப்புகிறேன். இரண்டு ஃபார், இரண்டு இஃப் என்று ஒரே வரியில் திணிக்கத் தோன்றினால் பேசாமல் லூப்புக்கே போய்விடுவேன். இதே வேலைக்குப் பைதானில் உள்ள வேறு வழிகளான மேப், ஃபில்டர், லாம்ப்டா? ஒரு நாள் போட்டுப் பார்த்தேன், மறுநாள் எனக்கே புரியவில்லை.

மொத்தக் கிலோ மட்டும் போதுமென்றால், கூட்டிச் சொல்லும் 'சம்'முக்குள் சதுர அடைப்பை எடுத்துவிடுங்கள். அது ஒவ்வொரு மதிப்பாகத் தரும் ஜெனரேட்டர் ஆகிவிடும், லிஸ்ட் ஒன்று வீணாக உருவாகாது.

சம்பளச் சீட்டு அச்சடிக்கும் இடத்தில் மட்டும் பழைய லூப்பை விட்டுவைத்திருக்கிறேன். அங்கே காம்ப்ரிஹென்ஷன் போட்டால் 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் 'நன்' (None) நிறைந்த லிஸ்ட்தான் மிஞ்சும்.