ஏழு வருஷம், மூன்று எல்போ

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் செய்தார். "அண்ணே, உங்க படகுல இருக்கிற அதே என்ஜினோட ஒரு 34 அடிப் படகு விலைக்கு வருது. எடுக்கலாமா?" அன்று காலையில்தான் எல்போவை, அதாவது என்ஜின் புகை வெளியேறும் வளைகுழாயை, மறுபடி கழற்றி, இரண்டு விரலில் தோல் உரிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கோபம் கொஞ்சம் அடங்கியதும் எழுதுகிறேன்.

என்ஜினை மட்டும் பார்த்தால் குறையே சொல்ல மாட்டேன். நானும் மனைவியும் ஏழு வருஷமாக மலேசியாவின் லங்காவியில் படகிலேயே குடியிருக்கிறோம். மலாக்கா நீரிணையில் பாதி நாள் காற்றே இருக்காது, பாயை நம்பிப் போக முடியாது. சுமத்ரா என்று இங்கே சொல்லும் சூறைக்காற்று விடியும் முன்னே வந்து அடித்து, நங்கூரம் இழுபடும் நேரத்தில் சாவியைத் திருப்பிய உடனே என்ஜின் ஓட வேண்டும். இது ஒரு தடவைகூடக் கைவிட்டதில்லை.

வயிற்றெரிச்சல் எல்லாம் பின்னால் இருக்கும் அந்த எல்போவால்தான். என்ஜினைக் குளிர்வித்துவிட்டு வரும் கடல்நீர் கொதிக்கும் புகையோடு கலக்கும் இடம் அது. வார்ப்பிரும்பு. உள்ளே கரியும் உப்பும் படிந்து வழி சுருங்கிக்கொண்டே வரும். வெளியில் பெயிண்ட் புதுசு போல இருக்கும்.

படகு வாங்கிய முதல் வருஷம் தாய்லாந்தின் லீப்பே தீவுக்குப் போகும் வழியில் சூட்டு அலாரம் அடித்தது. கடல்நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரில் குப்பை இல்லை, பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் நன்றாக இருந்தது. திரும்பி வந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். தெர்மோஸ்டாட்டை மாற்றினார், பிறகு பம்பை மாற்றினார், அப்புறம் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிக் கழுவினார். ஒவ்வொன்றுக்கும் தனி பில். மூன்று வாரம் போயிற்று, அலாரம் நிற்கவில்லை. கடைசியில் பக்கத்துப் படகுப் பெரியவர்தான் எட்டிப் பார்த்து, எல்போவைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டார். திறந்தோம். ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சம் இருந்தது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இடம்!

கழற்றுவதும் லேசில்லை. என்ஜின் படிக்கட்டுக்கு அடியில் இருப்பதால் முதலில் படியை எடுக்க வேண்டும். படியை எடுத்தால் உள்ளே வெளியே போக வழியில்லை. ஸ்பேனர்கள் படுக்கையில் கிடக்கும், பலகைகள் அடுப்புக்கு முன்னால் சாய்ந்து நிற்கும். வீட்டில் பைக் ரிப்பேர் என்றால் கதவைச் சாத்திவிட்டு வந்து சாப்பிடலாம். இங்கே எதைச் சாத்துவது? மனைவி நான்கு நாள் ரொட்டியும் சார்டினும் வைத்துச் சமாளித்தார். துருப்பிடித்த போல்ட் ஒன்று தலை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதைத் துளைத்து எடுக்க இன்னொரு நாள்.

லங்காவி 1987-லிருந்து வரியில்லாத் தீவு. சாக்லேட் எத்தனை வகை வேண்டுமானாலும் கிடைக்கும், இந்த எல்போ மட்டும் எந்தக் கடையிலும் இருந்ததில்லை. சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தோம், கூரியரோடு 1,800 வெள்ளி. பெட்டியைப் பிரித்தால், இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட் இல்லை.

அந்த இரண்டாவது எல்போ இரண்டே வருஷத்தில் அடைத்தது. பழக்கமும் ஒரு காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. நங்கூரம் போட்ட இடத்தில் பேட்டரி சார்ஜுக்காக மணிக்கணக்கில் சும்மா ஓட விடுவோம். பளு இல்லாமல் ஓடும் டீசல் முழுசாக எரியாது, கரியாகத்தான் படியும். சோலார் பேனல் போட்ட பிறகு அதை நிறுத்திவிட்டோம். மூன்றாவது எல்போ நான்கு வருஷம் தாங்கியது. இப்போது திறந்தபோது உள்ளே கரி அதிகமில்லை, ஆனால் சுவரே அரித்து ஊசி முனை அளவு ஓட்டை விழுந்திருக்கிறது. அதன் வழியாக உப்புநீர், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல் தெளித்து, அதன் பேரிங்கும் கரகரக்கிறது. ஸ்டெயின்லெஸ் எல்போ போடலாம் என்கிறார்கள். அது வெல்டில் விரிசல் விட்டுப் பார்த்திருக்கிறேன்.

தம்பி, இன்றைக்கு என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இவ்வளவு நல்ல என்ஜினைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, இந்த ஒரு குழாயை எட்டிக் கழற்றும்படி வைக்கத் தெரியவில்லை, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதையும் மீறி எடுப்பதென்றால், பணம் கொடுக்கும் முன் எல்போவைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அப்படியே ஃபெரி ஏறி வந்துவிடுங்கள்.