சட்டிக்கு நாலு ஸ்டார், ஸ்டிக்கருக்கு ஒன்றுமில்லை

போன ஐப்பசியில் வாங்கினேன், இப்போது ஆடி. ஒன்பது மாதம் தினமும் அடுப்பில் ஏறி இறங்கிய ஒரு இரும்புச் சட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்த அன்றே ஐந்து ஸ்டார் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இரும்புச் சட்டி முதல் மாதம் ஒரு மாதிரி, நாலாம் மாதம் வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் இத்தனை நாள் பொறுத்தேன்.

வாங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். புரட்டாசி கடைசியில் பள்ளியில் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். பிள்ளைகளுக்கு எடுத்து முடித்ததும் டீச்சர்களும் நாங்களும் விரலை நீட்டினோம். எனக்கு ஹீமோகுளோபின் 9.1. பத்தாம் வகுப்பு படிக்கிற என் மகளுக்கு 10.8. இரண்டு பேருக்கும் 12 இருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற தமிழ் டீச்சர், "எனக்கும் பத்துதான், நம்ம எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சிரித்தார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல் இருந்துவிட்டால் அது நோயாகவே தெரிவதில்லை, பெண்ணாகப் பிறந்ததன் அடையாளம் மாதிரி ஆகிவிடுகிறது.

அந்த வாரமே பாத்திரக்கடைக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம். பத்து இன்ச்சு இரும்புச் சட்டி, இரண்டு பக்கமும் காது, எடை இரண்டே கால் கிலோ, விலை 780 ரூபாய். சட்டியின் நடுவில் ஒரு ஸ்டிக்கர்: "இதில் சமைத்துச் சாப்பிட்டால் ரத்தம் ஊறும்." கடைக்காரத் தம்பியும் அதையே சொன்னார். "அக்கா, மாத்திரையெல்லாம் வேணாம். மூணு மாசம் இதுல குழம்பு வைங்க, ரத்தம் தானா ஏறிடும்." நம்பினேன். நம்ப ஆசையாகவும் இருந்தது. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதைவிடக் குழம்பு வைப்பது சுலபம்தானே.

என் வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிறவர், இரும்பென்றால் அவரிடம் கேட்க வேண்டும். சட்டியைக் கையில் வாங்கி, விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். "இது தகடு, அடிச்சு வளைச்சது. வார்ப்பு இல்ல. கீழ விழுந்தா நெளியும், ஒடையாது. மேல எண்ணெய் பூசியிருக்கான், துருப் பிடிக்காம இருக்க. அதைச் சுத்தமா எடுக்காம சமைச்சுறாத" என்றார். கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் கவனியுங்கள். சோப்பும் வெந்நீரும் போட்டு மூன்று தடவை தேய்த்தும் துணியில் கறுப்பு வந்துகொண்டே இருந்தது.

சட்டியைப் பழக்குவது தனி வேலை. மூன்று நாள் கழனித்தண்ணி ஊற்றி வைத்தேன், தினமும் கொட்டிவிட்டுப் புதுசு. நாலாம் நாள் கஞ்சித்தண்ணியைக் கொதிக்க விட்டேன். பிறகு கடலை எண்ணெய் விட்டு ஒரு கை சின்ன வெங்காயத்தைக் கரியும்வரை வதக்கி அதையும் கொட்டினேன். "ஒரு சட்டிக்கு இத்தனை வெங்காயமா" என்று அத்தை முணுமுணுத்தார். முணுமுணுத்தாலும் அவர் சொன்ன பக்குவம்தான் இது. அவருடைய அம்மா வீட்டில் தோசைக்கல்லை அப்படித்தான் பழக்குவார்களாம்.

இனி சமையல். காய் வதக்க இதற்கு இணை கிடையாது. வெண்டைக்காய் வழவழப்பு இல்லாமல் சுருண்டு வரும். உருளைக்கிழங்கு பொரியல் அடியில் முறுகி, மேலே மெத்தென்று இருக்கும். கறி வறுவல் செய்த அன்று வீட்டில் யாரும் பேசவில்லை, தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள். முதல் மாதம் முட்டை ஒட்டியது. மூன்றாம் மாதத்திலிருந்து ஒட்டவில்லை. முன்பு வைத்திருந்த நான்ஸ்டிக் சட்டியில் பூச்சு உரிந்து எங்கே போனதென்றே தெரியாது, எங்கள் வயிற்றுக்குள்தான் போயிருக்கும். இதில் உரிய எதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. கனம். வலது மணிக்கட்டு வலிக்கிறவர்கள் ஒரு கையால் தூக்கிச் சரிக்க முடியாது. காது இரண்டும் சுடும், பிடிதுணி இல்லாமல் தொடக் கூடாது. அடி உருண்டையாக இருப்பதால் கேஸ் அடுப்பில் ஆடும், இண்டக்‌ஷனில் நிற்கவே நிற்காது. ஒரு நாள் அவசரத்தில் ஈரத்தோடு கவிழ்த்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் செங்கல் நிறத்தில் துரு. தேங்காய் நாரால் தேய்த்து மறுபடி எண்ணெய் காட்ட வேண்டியதாயிற்று. கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கி, ஒரு சொட்டு எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து வைத்தால் போதும். எண்ணெய் அதிகமானால் பிசுபிசுப்பாகிவிடும், அதிலும் நான் மாட்டியிருக்கிறேன்.

புளிக்குழம்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புளி, தக்காளி, எலுமிச்சை இவற்றின் புளிப்புதான் இரும்பைக் கரைத்துக் குழம்பில் இறக்கும். கூடுதல் நேரம் கொதித்தால் கூடுதலாக இறங்கும். சத்து வேண்டும் என்பவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் நான் புத்திசாலித்தனமாக ராத்திரி முழுக்கக் குழம்பைச் சட்டியிலேயே விட்டேன். காலையில் வாயில் வைத்தால் ஆணியை நக்கின மாதிரி இருந்தது. சமைத்து முடித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இன்னொன்று, சட்டி நன்றாகப் பழகப் பழக மேலே எண்ணெய்ப் படலம் ஏறி, இரும்பு இறங்குவது குறையும். ஒட்டாத சட்டியும் வேண்டும், நிறைய இரும்பும் இறங்க வேண்டும் என்றால் நடக்காது. இதையும் அந்த ஸ்டிக்கர் சொல்லவில்லை.

இப்படி இரண்டு மாதம் பக்தியோடு சமைத்துவிட்டு மார்கழியில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 8.8. ஏறவில்லை, இறங்கியிருந்தது.

அப்புறம்தான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. "மாசத்துக்கு எத்தனை நாள்ம்மா போகுது? ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின்?" என்றார். எட்டு நாள், முதல் மூன்று நாளில் ஆறேழு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இது எத்தனை வருஷமா?" என்றார். மூன்று வருஷம் இருக்கும். நாற்பது தாண்டினால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன், என் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்னக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ரத்தம் போகிற வழி அதுதான். இரும்புச் சட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நல்லதுதான், சமைங்க. ஆனா ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார்.

கணக்கும் சொன்னார். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஆணுக்கு 19 போதும். சட்டியிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. புளிப்பு, நேரம், சட்டியின் வயசு எல்லாவற்றையும் பொறுத்தது. அவர் கொடுத்த மாத்திரையில் அளந்து 60 மில்லிகிராம் இருக்கிறது, கூடவே ஃபோலிக் ஆசிட். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்றார். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதே, பாலோடு போடாதே, எலுமிச்சம்பழச் சாறோடு போடு. 12 வந்த பிறகும் மூன்று மாதம் விடாதே, உள்ளே இருப்பு நிறைய வேண்டும். ரத்தப்போக்கைக் குறைக்கத் தனி மாத்திரை. முக்கியமாக, சாப்பிட்டவுடன் டீ குடிக்காதே.

கடைசி ஒன்றைத்தான் நான் காதில் வாங்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் ஸ்டாஃப் ரூமில் டீ இல்லாமல் எப்படி? அதை எனக்குப் புரிய வைத்தது டாக்டர் இல்லை, இந்தச் சட்டிதான். தை மாதம் ஒரு ராத்திரி, கழுவாத சட்டி தொட்டியில் தண்ணீரோடு கிடந்தது. வடிகட்டியில் இருந்த டீத்தூள் சக்கையைத் தெரியாமல் அதிலேயே தட்டிவிட்டேன். காலையில் பார்த்தால் சட்டி நிறைய மை! சும்மா கறுப்பு இல்லை, தொட்டு எழுதலாம் போல. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கடுக்காயும் அன்னபேதிங்கிற இரும்பு உப்பும் போட்டா மை வரும்ல, அதேதான். துவர்ப்பு இரும்பைப் புடிச்சுக்கும்" என்றார். வாழைப்பூவும் கத்தரிக்காயும் இதில் கறுத்துப்போவதும் அதனால்தான். தொட்டியில் நடந்தது என் வயிற்றுக்குள்ளும் தினம் மத்தியானம் ஒன்றரை மணிக்கு நடந்துகொண்டிருந்தது. டீயின் துவர்ப்பு சாப்பாட்டில் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்புக்கு விடாமல் வெளியே அனுப்புகிறது. அன்றிலிருந்து டீ நாலு மணிக்கு. மகளுக்கும் அப்படித்தான்.

மகள் விஷயத்தில் இன்னொரு கூத்து. பள்ளியில் வாரம் ஒரு நாள் பெண் பிள்ளைகளுக்கு நீல நிற இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். பெரிய மதில் ஓரம் நீல நீலமாகக் கிடக்கும், நானே பார்த்திருக்கிறேன். அதில் என் மகளுடையதும் இருந்திருக்கிறது! கேட்டால், "வாந்தி வருதும்மா" என்றாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுகிற பிள்ளை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டத்தான் செய்யும். இப்போது மதியச் சோற்றுக்குப் பிறகு போடுகிறாள். அவளுக்கு 12.1 ஆகிவிட்டது. அவளுக்கு நடந்தது இவ்வளவுதான், சட்டிக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

அத்தையையும் சொல்லாமல் விடக் கூடாது. ரேஷன் அரிசியில் கொஞ்சம் வேறு மாதிரி வெள்ளையாக இருக்கிற மணிகளைப் பொறுக்கிப் பொறுக்கித் தனியே வைப்பார், "பிளாஸ்டிக் அரிசிடி" என்று. அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்பும் ஃபோலிக் ஆசிட்டும் பி12-ம் சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவில் அழுத்தி எடுத்தது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்திருந்தார்கள். 780 ரூபாய் கொடுத்து இரும்புச் சட்டி வாங்கி வைத்துவிட்டு, சும்மா வந்த இரும்பைக் குருவிக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது பொறுக்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி வந்தால் அடுப்பில் வாட்டி முதலில் என் தட்டில் வைக்கிறார். கறியில் இருக்கிற இரும்பு கீரையில் இருப்பதைவிடச் சுலபமாக ஒட்டும். இத்தனை வருஷம் அந்தத் துண்டு யார் தட்டுக்குப் போனது என்று நான் கேட்கவில்லை.

பங்குனியில் 11.2. போன வாரம் 12.4. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றிருக்கிறது. இதில் சட்டிக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால், தெரியவில்லை, கொஞ்சம் இருக்கலாம். ஆனால் ரத்தம் போகிற வழியை அடைத்ததும் மாத்திரையும்தான் வேலை செய்தன. அந்த ஸ்டிக்கரை நம்பி உட்கார்ந்திருந்தால் இன்னும் கீழே போயிருப்பேன். அதனால்தான் அதற்குப் பூஜ்யம்.

வாங்கலாமா என்றால், சமைக்க வாங்கலாம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நாலு பேர் வீட்டுக்குப் பத்து இன்ச்சு போதும், அதற்கு மேல் தூக்க முடியாது. கடையில் தட்டிப் பாருங்கள், ஓரத்தில் கையை ஓட்டிப் பாருங்கள். என்னுடையதில் ஒரு இடத்தில் பிசிர் இருந்தது, வீட்டுக்காரர் அரம் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். வீட்டில் தலசீமியா என்கிற பரம்பரை ரத்தக் கோளாறு மாதிரி ஏதாவது இருந்து, உடம்பில் இரும்பு சேரக் கூடாத யாராவது இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். குறைக்கிற ஒரு ஸ்டார் கனத்துக்கும் அந்த எண்ணெய்ப் பூச்சுக்கும். அடுத்து தோசைக்கல் வாங்க வேண்டும், அதை வார்ப்பில்தான் வாங்கணும் என்கிறார் வீட்டுக்காரர். வாங்கினால் ஒரு ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன்.