வளந்தப்புறம் மல்யுத்தம் கத்துக்கணுமா? ஃப்ரீஸ்டைல், கிரேக்கோ, பிஜேஜே ஜிம், ஜூடோ - எது யாருக்கு சரி வரும்

முப்பது வயசு தாண்டி மல்யுத்தம் ஆரம்பிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு பொதுவா நாலு வழி இருக்கு. நேரா ஒரு மல்யுத்த கிளப்ல போய் ஃப்ரீஸ்டைல் சேரலாம், இல்ல கிரேக்கோ ரோமன் பக்கம் போகலாம், இல்ல பிஜேஜே (பிரேசிலியன் ஜியு ஜிட்சு, தரையில புரண்டு மடக்குற கலை) ஜிம்ல வாரத்துல ஒன்னு ரெண்டு நாள் நடக்குற மல்யுத்த கிளாஸுக்கு போகலாம், அதுவும் இல்லன்னா ஜூடோ. நாலுமே எதிராளியப் புடிச்சு கீழ போடுறதுதான். பத்து வயசுப் பையனுக்கு எது கிடைச்சாலும் சரி, வளந்த உடம்புக்கு அப்படி இல்ல, முட்டி கழுத்து தோள்பட்டை மூணையும் யோசிச்சுதான் முடிவெடுக்கணும்.

என் முடிவ முதல்லயே சொல்லிடுறேன். பெரியவங்களுக்குன்னு தனி பேட்ச் இருக்குற ஃப்ரீஸ்டைல் கிளப் கிடைச்சா வேற எதையும் பாக்காம அங்க சேருங்க. அப்படி கிடைக்கலன்னா, பழைய மல்யுத்த வீரர் யாராவது கிளாஸ் எடுக்குற பிஜேஜே ஜிம். கிரேக்கோவும் ஜூடோவும் நல்ல கலைகள்தான், ஆனா மல்யுத்தம்தான் வேணும்னு வர்ற புது ஆளுக்கு அது ரெண்டும் ரெண்டாவது படி.

ஃப்ரீஸ்டைல்ல காலப் புடிக்கலாம், அதுதான் அதோட உயிர். மூணு நிமிஷம் வீதம் ரெண்டு ரவுண்டு, நடுவுல 30 செகண்ட் ரெஸ்ட். எதிராளிய கீழ கொண்டு வந்து பின்னாடி போய் கன்ட்ரோல் எடுத்தா 2 பாயின்ட், முதுக மேட் பக்கம் திருப்பினா 2, நின்ன இடத்துலேந்து தூக்கி நேரா முதுகு விழற மாதிரி போட்டா 4, வட்டத்துக்கு வெளிய தள்ளினா 1, வித்தியாசம் 10 ஆயிட்டா அங்கயே மேட்ச் ஓவர். ரெண்டு தோளையும் மேட்ல அழுத்திட்டா ஸ்கோர் என்னவா இருந்தாலும் முடிஞ்சுது. ஆறு நிமிஷம்தானேன்னு தோணும், ஒரே ஒரு நிமிஷம் முழு மூச்சா மல்லுக்கட்டிப் பாத்தா அந்த நினைப்பு போயிடும்.

புது ஆளுங்க அடிபடுற இடம் பெரும்பாலும் ஷாட்தான், அதாவது எதிராளியோட ரெண்டு காலையோ (டபுள் லெக்) ஒரு காலையோ (சிங்கிள் லெக்) புடிக்க உள்ள பாயுறது. சரியா பண்ணா இப்படி இருக்கும்: முதல்ல முட்டிய மடக்கி உடம்ப இறக்கணும், இடுப்பு எதிராளியோட இடுப்புக்கும் கீழ வந்துடணும், முன்னங்கால் அவனோட ரெண்டு காலுக்கும் நடுவுல போகணும், முட்டி மேட்ட லேசா உரசிட்டு போனா போதும், பின்னங்கால் உடனே முன்னாடி வந்து ஊன்றணும், தலை நிமிந்து காது அவனோட விலா மேல ஒட்டியிருக்கணும். வளந்த ஆளுங்க நாள் பூரா சேர்ல உக்காந்து இடுப்பு இறுகிப் போனவங்க, முட்டி மடங்காது, அதனால முதுக வளைச்சு தலையக் குனிஞ்சுட்டு பாயுவாங்க, முட்டி முழு வெயிட்டோட மேட்ல இறங்கும். அதையே திரும்பத் திரும்ப பண்ணா முட்டி வீங்காம என்ன செய்யும், தலை குனிஞ்சு போனா கழுத்தும் மாட்டும். முட்டிக்கு பேட் போடுறது நல்லதுதான் ஆனா அது தப்பான ஷாட்ட சரி பண்ணாது.

ஃப்ரீஸ்டைல எனக்கு ரொம்பப் புடிக்க காரணம், ஷாட் ஒத்து வரலன்னாலும் அதுல வாழ வழி இருக்கு. கையாலயே சண்டை போட்டு, கழுத்துக்குப் பின்னாடி கை வச்சு கீழ இழுத்து, அவன் கை ஊன்றின உடனே சுத்திப் போய் பின்னாடி ஏறிடலாம், ஸ்நாப் டவுன் கோ பிஹைண்ட்னு சொல்வாங்க, முட்டி தரையத் தொடவே வேணாம். ஆர்ம் டிராக்கும், அதாவது அவன் கையப் புடிச்சு இழுத்து பின்னாடி போறதும், அதே மாதிரிதான். நாப்பது வயசுல ஆரம்பிக்குறவங்க இத அடிப்படையா வச்சுக்கிட்டு ஷாட்ட மெதுவா சேத்துக்கலாம்.

கிரேக்கோல இடுப்புக்குக் கீழ கை வைக்கக் கூடாது, கால வச்சு தட்டி விடவும் கூடாது. இதக் கேட்டதும் முட்டி வலி இருக்குறவங்க இது நமக்குத்தான்னு நினைப்பாங்க, பாதி சரி. பம்மலிங் மாதிரி ஒரு பயிற்சி வேற எங்கயும் இல்ல: ரெண்டு பேரும் நெஞ்சோட நெஞ்சு ஒட்டி, தலைய ஒரு பக்கம் சாச்சு, ஒரு கை அவன் அக்குள் வழியா உள்ள, இன்னொன்னு வெளிய, மாத்தி மாத்தி உள்ள இடம் புடிச்சுக்கிட்டே இருக்கணும். வேகம் வேண்டாம், முழங்கை உடம்ப விட்டு விலகாம இருந்தா போதும், எதிராளி எந்தப் பக்கம் வெயிட் போடுறான்னு தோள்லயே தெரிய ஆரம்பிச்சுடும். ஆனா மறு பாதி என்னன்னா கால் இல்லாததால பெரிய பாயின்ட்டெல்லாம் தூக்கிப் போடுறதுலயும் புரட்டுறதுலயும்தான் வருது, சுப்ளக்ஸ்ல, அதாவது ஆளக் கட்டிப் புடிச்சு பின்னாடி வளைஞ்சு தூக்கிப் போடுறதுல, உயரத்துலேந்து தோளும் கழுத்தும் மேட்ல விழும், கீழ படுத்திருக்கறவனைத் தூக்கும்போது முதுகு நல்லா வாங்கும். முட்டிய காப்பாத்தி முதுகையும் கழுத்தையும் பணயம் வைக்குற மாதிரி ஆயிடும். தவிர ஒலிம்பிக்ஸ்ல கிரேக்கோ ஆண்களுக்கு மட்டும்தான், பெண்கள் மல்யுத்தம் 2004ல உள்ள வந்தது ஃப்ரீஸ்டைல்ல, அதனால பெண்களுக்கு கிரேக்கோல பார்ட்னர் கிடைக்குறது கஷ்டம். பம்மலிங்க மட்டும் அங்கேந்து எடுத்துக்கோங்க.

பிஜேஜே ஜிம்மோட பெரிய பலம் கூட்டம். அங்க வேலை முடிச்சுட்டு வர்ற, முன்ன பின்ன எந்த விளையாட்டும் ஆடாத பெரியவங்கதான் அதிகம், வலிச்சா தட்டினா விட்டுடுவாங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. போட்டி விஷயத்துலயும் வித்தியாசம் இருக்கு: அங்க 30 வயசுலேந்தே மாஸ்டர்ஸ் பிரிவு, அதுக்குள்ளயும் பெல்ட் வாரியா பிரிப்பாங்க, வெள்ளை பெல்ட் வெள்ளை பெல்ட்டோடதான் மோதுவான். மல்யுத்தத்துல வெட்டரன்ஸ் 35லேந்து ஆரம்பிக்குது, வயசும் வெயிட்டும் பாப்பாங்க, பெல்ட் கிடையாது, சின்ன வயசுலேந்து மேட்ல வளந்தவன் ஒருத்தன் உங்களுக்கு எதிர்ல வந்து நிக்கலாம்.

குறை என்னன்னா, இடம் பத்தலன்னு நிறைய ஜிம்ல ஸ்பாரிங்க (ஒருத்தரோட ஒருத்தர் மோதிப் பழகுறத) முட்டி போட்டேதான் ஆரம்பிப்பாங்க, நின்னு மோதுற பழக்கமே வராது. அப்புறம் பிஜேஜேல மல்லாந்து படுத்து கால் நடுவுல ஆளப் புடிக்கிறது நல்ல பொசிஷன், மல்யுத்தத்துல மல்லாந்தா கதை முடிஞ்சுது. இந்தப் பழக்கம் உடம்புல ஊறிட்டா பின்னாடி மாத்துறது பெரிய பாடு. அதனால வெறும் நோ கி (ஜூடோ மாதிரி சட்டை இல்லாம பண்ணுற பிஜேஜே) கிளாஸ மல்யுத்தம்னு நினைச்சு சேராதீங்க, டேக்டவுனுக்குன்னே (நின்ன ஆளக் கீழ கொண்டு வர்றதுக்குன்னே) தனி நேரம் இருக்கான்னு கேளுங்க.

ஜூடோக்கு நான் தலை வணங்குறது ஒரே விஷயத்துக்கு, விழக் கத்துக் குடுக்குறாங்க. கானோ ஜிகோரோ 1882ல ஆரம்பிச்ச காலத்துலேந்து விழற பயிற்சி அதுல அடிப்படை, வளந்த ஆளுக்கு மத்த எதையும் விட அது முக்கியம், கைய ஊன்றி விழுந்து மணிக்கட்டும் தோளும் போறது புது ஆளுங்ககிட்ட சகஜம். ஆனா எல்லாமே சட்டையப் புடிச்சு நடக்குது, 2010ல கட்டுப்பாடு வந்து 2013லேந்து சர்வதேசப் போட்டிகள்ல காலக் கையால புடிக்கிறதே கிடையாது. மல்யுத்தம் கத்துக்க வந்தவனுக்கு அதோட முக்கால்வாசி அங்க இல்ல. ஒரு சில மாசம் போய் விழக் கத்துக்கிட்டு வரலாம்.

அமெரிக்காவுல இருக்குறவங்களுக்கு ஃபோக்ஸ்டைல்னு ஒன்னும் இருக்கு, ஸ்கூல் காலேஜ்ல ஆடுறது, கீழேந்து தப்பிச்சு எழுந்தாலே பாயின்ட். நல்ல பாணி, ஆனா படிப்பு முடிச்சவங்களுக்கு ஆட மேடை கம்மி.

எத எடுத்தாலும் தோல் விஷயத்துல அலட்சியம் வேண்டாம். படர்தாமரை, ஹெர்ப்பிஸ் எல்லாம் மேட்லயும் உடம்புலேந்து உடம்புக்கும் பரவும், கிளாஸ் முடிஞ்ச உடனே குளிச்சுடணும், புண்ணோட மேட்ல இறங்கக் கூடாது. காது வீங்கி ரத்தம் கட்டினா சீக்கிரமே டாக்டர்கிட்ட போய் அந்த ரத்தத்த எடுத்துடுங்க, விட்டா அப்படியே கெட்டியாயிடும். காத மூடுற ஹெட்கியர் போட்டா பெருமளவு தப்பிக்கலாம். வெயிட் குறைக்கிற வேலையெல்லாம் முதல் வருஷம் தேவையே இல்ல.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் ஓரமா உக்காந்து பாருங்க. ட்ரில் எப்படி இருக்குன்றத விட, கடைசில லைவ் விடும்போது, அதாவது நிஜமா மோத விடும்போது, கோச் யார யார்கூட சேக்குறார்னு கவனிங்க. புதுசா வந்த நாப்பது வயசுக்காரர, தன்னை விட இருபது கிலோ அதிகமா இருக்குற, போட்டிக்கு ரெடி ஆகுற பையன்கூட விட்டுட்டு வேற பக்கம் திரும்பிட்டார்னா அது எவ்வளவு பேர் வாங்கின கிளப்பா இருந்தாலும் வேண்டாம், பிஜேஜே ஜிம்முக்கே போங்க. வெயிட் பாத்து ஜோடி போட்டு, நிக்குற ஸ்டான்ஸ்லேந்து டேக்டவுன் வரைக்கும் மட்டும்னு சொல்லி, விழுந்த உடனே நிறுத்தி எழுப்பி விடுறார்னா அன்னைக்கே பேர் குடுத்துடலாம்.